சிட்னியின் பழைய முகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிட்னிக்கு வரும் நம்மவர்கள் ஆபரா ஹவுஸ், பாலம், போண்டை கடற்கரை என்று ஒரு சுற்று வந்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மழை பிடித்துக்கொண்ட நாளில் மக்வாரி தெருவில் இருக்கும் மாநில நூலகத்துக்கு அழைத்துப்போனால், மாடி ஓவியக்கூடத்தில் தொங்கும் முகங்களைப் பார்த்து ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். 1788இலிருந்து 1840கள் வரையிலான நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தின் மனிதர்களைப் பற்றிய அந்தக் கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை. யாருக்குப் படம் வாய்த்தது, யாருக்கு வாய்க்கவில்லை, ஏன் என்பதில்தான் என் கவனம் அதிகம். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இவர்கள் எல்லாம் யார்? பிரிட்டனிலிருந்து வந்த கைதிகள்தானா?

பாதிப்பேர் அப்படித்தான். 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மத்திலிருந்து 'முதல் கப்பற்படை' என்று அழைக்கப்படும் 11 கப்பல்கள் கிளம்பின. 1788 ஜனவரி 26 அன்று சிட்னி கோவ் என்ற சிறு விரிகுடாவில் கரையேறினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் எழுநூறுக்கும் மேலானவர்கள் நாடுகடத்தல் தண்டனை பெற்றவர்கள். மற்றவர்கள் கடற்படையினர், அதிகாரிகள், அவர்களின் குடும்பத்தார். அதற்குப் பிறகு 1868 வரை ஆஸ்திரேலியாவின் பல பகுதிகளுக்கும் சுமார் 1,62,000 கைதிகள் அனுப்பப்பட்டார்கள். ஏறத்தாழ ஆறில் ஒருவர் பெண்.

கரையேறிய இடம் காலி நிலம் இல்லை. கடிகல், வாங்கல், பிட்ஜிகல் என்று பல குலங்களாக மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஆகவே கூடத்தில் தொங்கும் முகங்கள் மூன்று வகை: ஆள வந்தவர்கள், தண்டனையாக வந்தவர்கள், ஏற்கனவே அங்கே இருந்தவர்கள்.

சிறைக்கூடமாகத் தொடங்கிய ஊரில் ஓவியர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

சிறையிலிருந்தேதான். இதைக் கேட்டதும் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் காரணம் சுலபம். பிரெஞ்சுப் போர்க்கால நெருக்கடியில், 1797இலிருந்து இங்கிலாந்து வங்கி ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு என்று சின்ன மதிப்புக் காகித நோட்டுகளை வெளியிட்டது. அச்சு எளிமையாக இருந்ததால் கை தேர்ந்த செதுக்குக்காரர் எவரும் அதைப் போலச் செய்துவிட முடிந்தது. மாட்டினால் தூக்கு. பலருக்கு அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. விளைவு: பேனாவும் தூரிகையும் நன்றாகப் பிடிக்கத் தெரிந்தவர்கள் கப்பல் கப்பலாக சிட்னிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்த நோட்டுகளுக்கு முன்பே வந்தவர் தாமஸ் வாட்லிங். ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் ஊர்க்காரர், ஸ்காட்லாந்து வங்கியின் நோட்டைப் போலச் செய்த வழக்கு. வழியில் கேப் டவுனில் கப்பலிலிருந்து நழுவி, பிடிபட்டு, 1792இல் 'ராயல் அட்மிரல்' கப்பலில் சிட்னி வந்தார். மருத்துவர் ஜான் ஒயிட்டின் கீழ் வேலைக்கு விடப்பட்டு, பறவைகள், செடிகள், உள்ளூர் மக்கள் என்று வரைந்து குவித்தார். பென்சிலில் அவர் வரைந்த பழங்குடி முகங்களில் ஆளுக்கு ஆள் வேறுபாடு தெரியும். பொதுவாக ஒரு 'காட்டுவாசி' உருவத்தைப் போட்டுவிட்டுப் போகவில்லை. மன்னிப்புக் கிடைத்த பிறகு கொஞ்ச காலம் கல்கத்தாவில் சிற்றோவியம் வரைந்து பிழைத்தார்.

ரிச்சர்ட் ரீட் 1813இல் வந்தார். கள்ள நோட்டு வைத்திருந்ததற்கு 14 ஆண்டுத் தண்டனை. அடுத்த வருடமே சிட்னியின் முதல் ஓவியப் பள்ளியைத் திறந்துவிட்டார். கவர்னர் வீட்டாரே அவரிடம் படம் எழுதிக்கொண்டார்கள். 1819இல் இன்னொரு ரிச்சர்ட் ரீட், இவர் சுதந்திர மனிதர், அதே தொழிலோடு அதே ஊரில் வந்து இறங்கினார். யார் எதை வரைந்தது என்று பிரிப்பதற்குள் கலை வரலாற்றாளர்களுக்குத் தலை சுற்றும்.

ஜோசப் லைசெட் இன்னும் மேலே. கள்ள நோட்டுக்காக 1814இல் வந்தவர், சிட்னியிலும் கையை அடக்க முடியாமல் அஞ்சலகச் சீட்டுகளைப் போலச் செய்து தண்டனைக் குடியேற்றமான நியூகாசிலுக்கு அனுப்பப்பட்டார். அங்கே இருந்தபடி அவர் வரைந்த பழங்குடி வாழ்க்கைக் காட்சிகள் இன்றைக்கு விலைமதிப்பற்ற ஆவணங்கள். லண்டனில் திருடியதற்காக 1829இல் வந்த ஜெர்மானியர் சார்ல்ஸ் ரோடியஸ் கல்லச்சில் முகங்களை எழுதினார். அவர் எழுதிய பழங்குடித் தலைவர்களின் படங்கள் தனி அழகு.

முதல் கவர்னர் ஆர்தர் பிலிப் படத்தில் சாதுவாக இருக்கிறாரே, நிஜத்திலும் அப்படியா?

அந்தப் படம் சிட்னியில் வரைந்தது இல்லை. கிளம்புவதற்கு முன் 1786இல் லண்டனில் பிரான்சிஸ் வீட்லி வரைந்தது. அதில் தெரியாத ஒன்று அவருடைய வாய்க்குள் இருந்தது: முன்பல் ஒன்று இல்லை. சிட்னிப் பகுதிக் குலங்களில் ஆண்பிள்ளைகளுக்குப் பருவச் சடங்கில் முன்பல்லைத் தட்டி எடுக்கும் வழக்கம் உண்டு. பிலிப் வாயைத் திறந்து காட்டியபோது அவர்களிடையே ஒரு சலசலப்பு எழுந்தது. தற்செயலான ஒரு பல்லிழப்பு அவருக்கு மரியாதை வாங்கித் தந்தது.

சாதுவா என்றால், அந்தக் காலத்து கவர்னர்களோடு ஒப்பிட்டால் ஆம். 1790 செப்டம்பரில் மேன்லி கடற்கரையில் ஒருவர் எறிந்த ஈட்டி அவர் தோளில் பாய்ந்தது. பழிவாங்கக் கூடாது என்று தன் ஆட்களைத் தடுத்துவிட்டார். ஆனால் ஆட்களைப் பிடித்துவந்து கட்டிவைத்து மொழி கற்றுக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டவரும் இதே சாதுதான்.

பெனலாங் என்பவர் பெயரில்தான் ஆபரா ஹவுஸ் இருக்கும் முனையா? அவருக்கு ஏன் இரண்டு மாதிரிப் படங்கள்?

ஆம், பெனலாங் முனை. வாங்கல் குலத்தவர். பிலிப்பின் உத்தரவுப்படி முதலில் பிடிக்கப்பட்டவர் அரபானூ. 1789இல் பெரியம்மை பரவியபோது அவர் இறந்துபோனார். சுற்றுவட்டார மக்களில் பாதிப்பேரை அந்த நோய் கொண்டுபோனது. அந்த வருடம் நவம்பரில் பெனலாங்கையும் கோல்பீயையும் வலுக்கட்டாயமாகப் படகில் தூக்கிவந்தார்கள். கோல்பீ சில நாளில் தப்பிவிட்டார். பெனலாங் சில மாதம் இருந்து, ஆங்கிலமும் பழகிக்கொண்டு, பிறகு தப்பினார்.

மேன்லியில் பிலிப் மீது ஈட்டி பாய்ந்தபோது பக்கத்தில் இருந்தவர் அவர்தான். கடத்தியதற்குக் கணக்குத் தீர்த்துக்கொள்ள அவரே அந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்தார் என்று இன்று வரலாற்றாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் தன் விருப்பத்தோடு ஊருக்குள் வந்து போக ஆரம்பித்தார், கவர்னர் அவருக்கு முனையில் ஒரு செங்கல் குடிசையும் கட்டிக்கொடுத்தார். கணக்குத் தீர்ந்தது, உறவு தொடங்கியது என்றுதான் அதைப் பார்க்க முடிகிறது.

1792 டிசம்பரில் பிலிப் ஊர் திரும்பியபோது பெனலாங்கும் யெம்மெராவானே என்ற இளைஞரும் கூடப் போனார்கள். யெம்மெராவானே 1794இல் இங்கிலாந்திலேயே இறந்தார். பெனலாங் 1795இல் திரும்பினார். அடுத்த ஆண்டு, பிரபு வீட்டு மேலாளர் ஒருவருக்கு அவர் சொல்லி எழுதவைத்த கடிதம் இருக்கிறது: தன் மனைவியை வேறொருவர் கூட்டிக்கொண்டு போய்விட்டார், தனக்குச் செருப்பும் காலுறையும் அனுப்புங்கள் என்கிற ரீதியில் போகும். பழங்குடி ஒருவர் ஆங்கிலத்தில் தந்த முதல் எழுத்து என்று அதைச் சொல்வார்கள்.

சரி, இரண்டு படங்கள். ஒன்றில் உடம்பெல்லாம் வெள்ளைக் கோடு பூசிக் கோபமாக இருக்கிறார். பெயர் தெரியாத ஓவியர் வரைந்தது. அந்த ஓவியரை 'போர்ட் ஜாக்சன் ஓவியர்' என்றே குறிப்பிடுகிறார்கள். இன்னொன்றில் சுருக்கு வைத்த சட்டை, கோட்டு என்று லண்டன் கனவானாக இருக்கிறார். முதலில் 'காட்டு மனிதன்', பிறகு 'நாகரிகமானவன்', கடைசியில் 'திரும்பக் காட்டுக்கே போனவன்' என்று ஒரு கதையைப் பின்னுவதற்கு இந்த ஜோடி வசதியாகப் போயிற்று. 1813 ஜனவரியில் அவர் இறந்தபோது சிட்னி கெஜட் பத்திரிகை திருந்தாத காட்டுமிராண்டி என்றே எழுதித் தள்ளியது. அந்தக் கடைசி ஆண்டுகளில் அவர் தன் மக்களிடையே மதிப்புள்ள மூத்தவராக, சுமார் நூறு பேர் கொண்ட குழுவோடு பாரமட்டா ஆற்றங்கரையில் வாழ்ந்தார் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தக் கோலத்தில் அவரை யாரும் வரையவில்லை.

குடியேறிகளை எதிர்த்துப் போராடிய பெமுல்வுய்க்குப் படம் உண்டா?

ஒன்றே ஒன்று. படகில் நிற்கும் ஓர் ஆள், 'பிம்ப்ளாய்' என்று தப்பும் தவறுமாகப் பெயர் போட்ட ஒரு செதுக்கச்சு. ஜேம்ஸ் கிராண்ட் என்ற மாலுமியின் பயணநூலில் வந்தது. லண்டனில் செதுக்கியவர் அவரைப் பார்த்ததே இல்லை.

பிட்ஜிகல் குலத்தவரான பெமுல்வுய் 1790 டிசம்பரில் கவர்னரின் வேட்டைக்காரர் மெக்கிண்டயரை ஈட்டியால் குத்தினார். உள்ளூர் மக்கள் மெக்கிண்டயரைக் கண்டாலே வெறுத்தார்கள். தனக்குப் பட்ட ஈட்டிக்குப் பழிவாங்காத பிலிப், இந்த முறை ஆறு பேரைப் பிடித்துவா அல்லது கொன்றுவா என்று படை அனுப்பினார். படை வெறுங்கையோடு திரும்பியது. பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் பண்ணைகள் மீது தாக்குதல் தொடர்ந்தது. 1797இல் பாரமட்டாவில் குண்டுகள் பாய்ந்து பிடிபட்டும், கால் விலங்கோடு தப்பினார். துப்பாக்கி அவரை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை பரவியது. 1802இல் சுட்டுக் கொன்றார்கள். கவர்னர் கிங் அவர் தலையைச் சாராயத்தில் ஊறவைத்து லண்டனுக்கு, இயற்கை விஞ்ஞானி ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். அந்தத் தலையைத் திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் இருக்கிறது. தலைதான் இதுவரை கிடைக்கவில்லை.

இருபது டாலர் நோட்டில் கண்ணாடி போட்ட பாட்டி இருக்கிறாரே, அவர் உண்மையிலேயே குதிரை திருடியவரா?

மேரி ரைபி. ஆம், குதிரை திருட்டுத்தான் வழக்கு. லங்காஷயரில் பிறந்தவர், பெற்றோர் இல்லை, பாட்டி வளர்ப்பு. 13 வயதில் ஆண்பிள்ளை வேடத்தில், ஜேம்ஸ் பரோ என்ற பெயரில், ஸ்டாஃபர்டில் பிடிபட்டார். விசாரணை நடக்கும்போதுதான் பெண் என்று வெளிப்பட்டது. ஏழாண்டுத் தண்டனை. 1792இல் சிட்னி வந்த கப்பல், மேலே சொன்ன வாட்லிங் வந்த அதே 'ராயல் அட்மிரல்'. நோட்டைப் போலச் செய்தவரும், பின்னாளில் நோட்டில் ஏறப்போகிறவரும் ஒரே கப்பல்.

1794இல் தாமஸ் ரைபி என்ற இளம் கப்பல் அதிகாரியை மணந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர். கணவனும் மனைவியும் ஆற்றுப் படகுச் சரக்கில் ஆரம்பித்து, கப்பல், கிடங்கு, நிலம் என்று வளர்ந்தார்கள். 1811இல் தாமஸ் இறந்தார். கொஞ்ச நாளில் தொழில் கூட்டாளியும் இறந்தார். ஏழு பிள்ளைகளோடு தனியாக நின்ற மேரி, வியாபாரத்தைச் சுருக்காமல் இன்னும் பெருக்கினார். 1817இல் நியூ சவுத் வேல்ஸ் வங்கி தொடங்கியபோது அது முதலில் நடந்ததே அவருடைய கட்டடத்தில்தான்.

அப்புறம் எனக்குப் பிடித்த பகுதி. 1820இல் இரண்டு மகள்களைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய், பிறந்த ஊரில் தலைநிமிர்ந்து நடந்துவிட்டு மறுவருடம் திரும்பினார். 1828 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எப்படி வந்தீர்கள் என்ற கட்டத்தில் '1821இல் சுதந்திரமாக வந்தேன்' என்று பதிந்திருக்கிறார். பொய் என்று சொல்ல முடியாது! கடைசியாக வந்த பயணம் அதுதானே.

நோட்டில் இருக்கும் முகம் 1835 வாக்கில் யானைத் தந்தத்தில் எழுதிய உள்ளங்கை அளவுச் சிற்றோவியம். வெள்ளை லேஸ் தொப்பி, வட்டக் கண்ணாடி, அடக்கமான பார்வை. குடியேற்றத்தில் பணம் சேர்த்த பழைய கைதிகள் இப்படிப் படம் எழுதிக்கொள்வதை அழகுக்கு மட்டும் செய்யவில்லை. நீதிமன்ற ஏட்டில் இருக்கும் பெயருக்கு எதிராக, வீட்டுச் சுவரில் மாட்டிய மறுப்பு அது. சைமியன் லார்ட் இன்னொரு உதாரணம்: துணி திருடி வந்தவர், பெரிய வணிகராகி, 1810இல் மாஜிஸ்திரேட் ஆனார். அவர் படத்தைப் பார்த்தால் பரம்பரைப் பணக்காரர் என்றே நினைப்பீர்கள்.

பண மோசடிக்காரர் ஒருவரும் நோட்டில் இருந்தாராமே?

பிரான்சிஸ் கிரீன்வே. பிரிஸ்டலில் கட்டடக் கலைஞர். ஒப்பந்தப் பத்திரம் ஒன்றில் கள்ளக் கையெழுத்து. 1812இல் தூக்கு விதித்து, 14 ஆண்டு நாடுகடத்தலாகக் குறைத்தார்கள். 1814இல் லைசெட் வந்த அதே கப்பலில் வந்தார். இரண்டே வருடத்தில் கவர்னர் மக்வாரி அவரை அரசுக் கட்டடக் கலைஞர் ஆக்கினார். துறைமுக வாயிலில் கலங்கரை விளக்கம், 1819இல் முடிந்த ஹைட் பார்க் பாரக்ஸ் என்ற கைதிகள் விடுதி, அதன் எதிரே செயின்ட் ஜேம்ஸ் தேவாலயம் எல்லாம் அவர் கைவண்ணம். வாய் நீளம், கர்வம் அதிகம். மக்வாரி போனதும் வேலையும் போனது. 1837இல் வறுமையில் இறந்தார். 1966இல் டாலர் நாணய முறை வந்தபோது முதல் பத்து டாலர் நோட்டில் அவர் முகத்தைப் போட்டார்கள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒருவரை இழுக்கும் படம் எதைக் காட்டுகிறது?

1808 ஜனவரி 26. கவர்னர் வில்லியம் பிளை, ஏற்கனவே 'பவுண்டி' கப்பல் கலகத்தில் பதவி இழந்து பிழைத்தவர், இரண்டாவது முறையாகக் கவிழ்க்கப்பட்ட நாள். நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவின் அதிகாரிகள் சாராய வணிகத்தையும் நிலத்தையும் கையில் வைத்திருந்தார்கள். பிளை அதில் கைவைத்தார். முன்னாள் படை அதிகாரி ஜான் மெக்கார்தர் தூண்ட, மேஜர் ஜார்ஜ் ஜான்ஸ்டன் படையோடு போய்க் கைது செய்தார்.

அந்த நீர்வண்ணப் படம் கைதானவுடனேயே வரையப்பட்டு, படைப்பிரிவின் சார்ஜெண்ட் மேஜர் வீட்டில் மக்கள் பார்க்கக் காட்சிக்கு வைக்கப்பட்டது. பதக்கம் மின்னும் கவர்னரை அழுக்குக் கட்டிலடியிலிருந்து சிப்பாய் இழுக்கிறார். காகிதங்களை ஒளித்துக்கொண்டிருந்தேன், பயந்து ஒளியவில்லை என்று பிளை சொன்னார். வரைந்தவர் யார் என்று தெரியாது, வரையச் சொன்னது யார் பக்கம் என்று சந்தேகமே இல்லை. ஆஸ்திரேலியாவின் முதல் அரசியல் கேலிச்சித்திரம் என்று இதைப் பலர் சொல்வது பொருத்தம்தான்.

ஜான்ஸ்டனின் வாழ்க்கைத்துணை எஸ்தர் ஆபிரகாம்ஸ், லேஸ் திருடியதற்காக முதல் கப்பற்படையில் கைக்குழந்தையோடு வந்த யூதப் பெண். கலக நாட்களில் குடியேற்றத்தின் முதல் பெண்மணி ஸ்தானத்தில் இருந்தவர் ஒரு கைதி. அவர்கள் முறைப்படி மணந்தது 1814இல்தான்.

மக்வாரிக்கும் நம் பக்கத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

நிறையவே. லாக்லன் மக்வாரி சிட்னி கவர்னராக 1810 முதல் 1821 வரை இருந்தார். அதற்கு முன் இந்தியாவில் ராணுவ வேலை. 1795இல் கொச்சியை டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்த படையிலும், 1796இல் கொழும்பைப் பிடித்த படையிலும், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை எதிர்த்த படையிலும் இருந்தார். கொச்சியில் இரண்டு சிறுவர்களை அடிமைகளாக விலைக்கு வாங்கினார். அதில் ஜார்ஜ் ஜார்விஸ் என்று பெயர் வைக்கப்பட்டவர் சிட்னி, ஸ்காட்லாந்து என்று 1824இல் எஜமான் சாகும்வரை கூடவே இருந்தார். மக்வாரிக்குப் பல படங்கள் உண்டு. நிழல்போல் முப்பது வருடம் நின்றவரைத் தேடிக் கூடத்தைச் சுற்றினால் ஏமாற்றம்தான்.

இன்னொன்று சென்னை சம்பந்தப்பட்டது. குடியேற்றத்தில் சில்லறைக் காசுக்குப் பஞ்சம்; சாராயமே காசாகப் புழங்கியது. 1812 நவம்பரில் சென்னையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய 40,000 ஸ்பானிய வெள்ளி டாலர்கள் கப்பலில் வந்தன. மக்வாரி ஒவ்வொன்றிலும் நடுவில் துளை போடச் சொன்னார். வளையம் ஐந்து ஷில்லிங், வெட்டி எடுத்த வட்டம் பதினைந்து பென்ஸ். ஒரு காசு இரண்டாயிற்று, வெளியூருக்குக் கொண்டுபோனால் செல்லாது என்றும் ஆயிற்று. துளை போட்டவர் வில்லியம் ஹென்ஷல். என்ன குற்றத்துக்காக வந்தவர் என்று ஊகிப்பது கடினமில்லை: கள்ள நாணயம் அடித்தவர்.

தண்டனை முடிந்தவர்களைத் தன் விருந்து மேசையில் உட்காரவைத்தார் என்பதற்காக மக்வாரியைக் கொண்டாடுவார்கள். அதிகாரிகளும் சுதந்திரக் குடியேறிகளும் அதனாலேயே அவரை வெறுத்தார்கள். ஆனால் 1816 ஏப்ரலில் பழங்குடியினர் மீது படை அனுப்பியவரும் அவரே. ஆப்பின் அருகே இரவில் நடந்த தாக்குதலில் குறைந்தது 14 பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, சுடப்பட்டும் பாறை விளிம்பிலிருந்து விழுந்தும் இறந்தார்கள். தெருவுக்குத் தெரு அவர் பெயர் இருக்கும் ஊரில் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லும் பழங்குடி மனிதர் யார்? கேலிக்காக வரைந்ததா?

பங்கரி. புரோக்கன் பே பகுதிக்காரர். கேலியா இல்லையா என்பதில் எனக்கே ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று தோன்றும்.

அவர் சாதாரண ஆள் இல்லை. கடலாய்வாளர் மேத்யூ ஃபிளிண்டர்ஸோடு 1799இல் ஒரு பயணம், பிறகு 1802-03இல் 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலில் ஆஸ்திரேலியாவைச் சுற்றிய பயணம், 1817இல் பிலிப் பார்க்கர் கிங்கோடு இன்னொன்று. கண்டத்தையே சுற்றிவந்த முதல் பழங்குடி மனிதர் அவர். போகிற கரையிலெல்லாம் ஆயுதமில்லாமல் இறங்கி, மொழி புரியாத இடத்திலும் சைகையால் பேசிச் சமாதானப்படுத்துவது அவர் வேலை. 1815இல் மக்வாரி அவருக்குப் பிறை வடிவப் பித்தளைத் தகடு ஒன்றை மாட்டி, புரோக்கன் பே குலத்தின் தலைவர் என்று பட்டம் கொடுத்தார். அந்தக் குலங்களில் அப்படியொரு பதவியே கிடையாது.

பின்னாளில் துறைமுகத்துக்குள் வரும் ஒவ்வொரு கப்பலுக்கும் படகில் போய், பழைய ராணுவக் கோட்டோடு, தன் நாட்டுக்கு வந்ததற்கு வரவேற்பு சொல்லுவார். காசும் சாராயமும் கேட்பார். கவர்னர்களின் நடை, பேச்சு எல்லாவற்றையும் அப்படியே நடித்துக் காட்டுவாராம். 1826 வாக்கில் அகஸ்டஸ் ஏர்ல் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியத்தில் கோட்டு, பித்தளைத் தகடு, உயர்த்திய தொப்பி, பின்னால் மக்வாரி கோட்டை. அந்தக் கோட்டை நின்றது பெனலாங் முனையில். கவர்னர்களை எப்படி முழு உருவமாக, பின்னால் துறைமுகம் விரிய வரைவார்களோ அதே அமைப்பு. நையாண்டி என்று பார்த்தால் நையாண்டி. ஆனால் முகத்தைப் பாருங்கள்: வருகிறவனுக்கு வீட்டுக்காரர் சொல்லும் வணக்கமாகத்தான் எனக்குப் படுகிறது.

அந்தக் குடியேற்றத்தில் இவர் அளவுக்கு அதிகமாக வரையப்பட்டவர்கள் குறைவு. ஏர்ல் இதையே கல்லச்சிலும் போட்டார், ரோடியஸ் வரைந்தார், வந்துபோன ரஷ்ய, பிரெஞ்சுக் கப்பல் ஓவியர்களும் வரைந்தார்கள். பங்கரி 1830இல் இறந்தார். 1836இல் ஃபெர்னிஹோ என்பவர் பழங்குடியினரின் பக்கவாட்டு நிழலுருவங்களைத் தொகுதியாக அச்சிட்டு விற்றார். ஊர் திரும்புகிறவர்கள் நினைவுப் பொருளாக வாங்கிப் போனார்கள். வரையப்பட்டவர்களுக்கு அதில் ஒரு பென்னியும் கிடைத்திருக்காது.

ஏர்ல் என்ற ஓவியர் இங்கேயே தங்கிவிட்டாரா?

இல்லை, ஊர்சுற்றி. 1825இல் வந்தார், 1828இல் போனார். இடையில் கேப்டன் ஜான் பைப்பரையும், அவர் மனைவி மேரி ஆனைப் பிள்ளைகளோடும் பெரிய படங்களாக வரைந்தார். பைப்பர் துறைமுகச் சுங்கம் வசூலித்தவர், வசூலில் பங்கு, கடற்கரையில் மாளிகை, சொந்தமாக வாத்தியக் குழு. மேரி ஆன் கைதிகளுக்குப் பிறந்த மகள். படத்தில் பட்டும் நகையுமாகச் சீமாட்டி. படம் வரைந்து ஒரு வருடம்கூடத் தாண்டியிருக்காது, 1827இல் வசூல் கணக்கில் பெரும் ஓட்டை தெரிந்தது. பைப்பர் தன் படகில் வாத்தியம் முழங்கத் துறைமுக வாயிலுக்குப் போய்க் கடலில் குதித்தார். படகோட்டிகள் இழுத்துப் போட்டுக் காப்பாற்றினார்கள். மாளிகையை விற்றுவிட்டு பாதர்ஸ்ட் பக்கம் போய் 1851 வரை வாழ்ந்தார்.

ஏர்ல் சிட்னியிலிருந்து மணிலா, சிங்கப்பூர், பினாங்கு வழியாகச் சென்னை வந்தார். அங்கே முகப்படங்களுக்கு நல்ல கிராக்கி. வெயில் ஒத்துக்கொள்ளாமல் உடம்பு கெட்டு, பாண்டிச்சேரியில் கப்பலேறினார். 1831இல் டார்வின் பயணம் செய்த 'பீகிள்' கப்பலில் ஓவியராகச் சேர்ந்ததும் இவரே.

ஆட்டு மந்தை மெக்கார்தர்?

1790இல் வந்த ராணுவ அதிகாரி; மெரினோ கம்பளித் தொழிலின் தந்தை என்பார்கள். 1966இன் இரண்டு டாலர் நோட்டில் அவரும் ஓர் ஆட்டுக்கடாவும் இருந்தார்கள். பிளை கலகத்துக்குப் பிறகு 1809 முதல் 1817 வரை அவர் இங்கிலாந்தில் மாட்டிக்கொண்டிருந்தார். அந்த எட்டு வருடம் மந்தையைப் பார்த்தது, கம்பளியை அனுப்பியது எல்லாம் அவர் மனைவி எலிசபெத். நோட்டில் ஆட்டுக்குக் கிடைத்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

படமே இல்லாதவர்களை எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பான்மை அவர்கள்தான். கைதிகளுக்கு எழுத்தில் ஒரு முகம் இருக்கிறது. 1820களிலிருந்து பதிவேடுகளிலும் விடுதலைச் சான்றுகளிலும் உயரம், நிறம், தலைமுடி, கண், தழும்பு, பச்சை குத்தியது என்று ஒவ்வொன்றையும் எழுதியிருப்பார்கள். நம் பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதுவதைப் போலத்தான், ஆனால் இன்னும் விரிவாக. தப்பி ஓடினால் பிடிக்க வேண்டுமே. நங்கூரம், சிலுவை, காதலியின் பெயரெழுத்து என்று கையில் குத்திய பச்சைகளின் பட்டியலைப் படிக்கும்போது, தந்தச் சிற்றோவியத்தைவிட நெருக்கமாக ஒரு மனிதர் தெரிவார்.

ஜேம்ஸ் ரூஸ், கார்ன்வால்காரர், முதல் கப்பற்படைக் கைதி. பாரமட்டாவில் 30 ஏக்கர் பெற்று, ஒருவர் சொந்தமாக விவசாயம் செய்து பிழைக்க முடியும் என்று நிரூபித்தவர். படம் கிடையாது. கேம்பெல்டவுனில் கல்லறைக் கல் உண்டு. தானே செதுக்கியதாகச் சொல்வார்கள். அம்மா அருமையாக வளர்த்ததையும், இந்தக் குடியேற்றத்தில் முதல் தானியத்தை விதைத்ததையும் எழுத்துப் பிழைகளோடு சொல்லும் கல்.

ஜான் சீசர் ஆப்பிரிக்கர், அவரும் 1788இல் வந்தவர். பசி தாங்காமல் திரும்பத் திரும்பக் காட்டுக்கு ஓடி, முதல் காட்டுக் கொள்ளையர் என்று பெயர் வாங்கி, 1796இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் எப்படி இருந்தார் என்பதற்கு அதிகாரிகளின் வசவு மட்டும் மிச்சம்.

பட்யகராங் என்ற பதின்ம வயதுப் பெண், வில்லியம் டாஸ் என்ற இளம் கடற்படை அதிகாரிக்கு 1790-91இல் தன் மொழியைக் கற்றுக்கொடுத்தாள். அவன் குறிப்பேடுகள் லண்டன் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் இருக்கின்றன. துப்பாக்கிகளைக் கண்டு எங்கள் ஆட்கள் பயப்படுகிறார்கள், கோபமாக இருக்கிறார்கள் என்று அவள் சொன்னது அவள் மொழியிலேயே பதிவாகியிருக்கிறது. முகம் இல்லாமல் குரல் மட்டும் கிடைத்திருக்கும் அபூர்வம். சிட்னி மொழியை மீட்டெடுக்கிறவர்கள் இன்று முதலில் புரட்டுவது அந்தக் குறிப்பேடுகளைத்தான்.

புகைப்படம் எப்போது வந்தது?

1841இல் சிட்னியில் முதல் டாகரோடைப், அதாவது உலோகத் தகட்டில் பதியும் பழைய வகைப் புகைப்படம், எடுத்துக் காட்டினார்கள். 1842 டிசம்பரில் ஜார்ஜ் குட்மன் என்பவர் படப்பிடிப்புக் கூடம் திறந்தார். அவர் 1845 வாக்கில் எடுத்த டாக்டர் வில்லியம் பிளாண்டின் படம், ஆஸ்திரேலியாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்படங்களில் முதலிடத்தில் சொல்லப்படுவது. பிளாண்ட் கடற்படை மருத்துவராக இருந்தபோது 1813இல் பம்பாயில் துப்பாக்கிச் சண்டை போட்டு உடன் அதிகாரியைக் கொன்றதற்காக நாடுகடத்தப்பட்டவர். வந்தபின் மக்வாரியைக் கேலிசெய்து எழுதி மறுபடி சிறைக்குப் போனவர். பின்னாளில் ஊரே மதித்த மருத்துவர், சட்டமன்ற உறுப்பினர்.

இவற்றை எங்கே பார்க்கலாம்? கட்டணம் உண்டா?

மேரி ரைபியின் சிற்றோவியம், பிளை கைதுப் படம், பைப்பர் தம்பதி, பிளாண்டின் புகைப்படம் எல்லாம் சிட்னி மாநில நூலகத்தின் சேகரிப்பு. ஓவியக்கூடத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் தந்தத்தில் எழுதியதும் நீர்வண்ணமும் வெளிச்சம் பட்டால் மங்கும் என்பதால் எல்லாம் எப்போதும் வெளியே இருக்காது. போவதற்கு முன் நூலக இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலானவை அங்கேயே பெரிதாக்கிப் பார்க்கக் கிடைக்கும். ஏர்லின் பங்கரி கான்பராவில் தேசிய நூலகத்தில். வாட்லிங்கின் பென்சில் முகங்களும் கோபமான பெனலாங்கும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். கிரீன்வேயின் ஹைட் பார்க் பாரக்ஸ் மாநில நூலகத்திலிருந்து அதே தெருவில் சில நிமிட நடை. கைதிகள் படுத்த தொங்கு படுக்கைகளை மாடியில் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் அதை விட்டுவிடாதீர்கள்.